ஐந்தடி வழியும் நடப்போர் உரிமையும்

ஒரு நாட்டின் நாகரிகத்தை அளந்தறிய விரும்புவோர் அதன் மாளிகைகளைப் பார்ப்பர், கோயில்களைப் பார்ப்பர், துறைமுகங்களையும் பாலங்களையும் பார்ப்பர். நாமோ அதன் தெருவோரத்தைப் பார்த்தல் வேண்டும் என்போம். மாளிகை செல்வனுக்குரியது. பாலம் வண்டியுடையோனுக்குரியது. வேறு ஊர்தியின்றிக் காலால் நடப்பவனுக்கு உரியதாக நகரத்தில் இருப்பது தெருவோரம் ஒன்றே. அவனுக்கென்று எத்தனை அடி நிலம் ஒதுக்கப்பட்டது, ஒதுக்கப்பட்டது எவ்வளவு காலம் காக்கப்பட்டது என்று கேட்டால், அந்நகரம் மனிதனை எவ்வளவு மதித்தது என்பதற்கு விடை கிடைத்துவிடும்.

அரசர்கள் அமைத்த பெருவழிகளுக்கு வரலாறு உண்டு. தெருவோர நடைபாதைக்கு வரலாறு எழுதுவார் அரியர். அதனை அற்பப் பொருளென்று கருதிப் புலவரும் விட்டனர், அரசியலாரும் விட்டனர். ஆனால் பினாங்குத் தீவிலும் அதற்கு எதிர்க்கரையில் உள்ள பெருநிலத்திலும் வாழும் தமிழர்க்கு அது அற்பப் பொருளன்று. நம்மவர் அதன் மேல் கடை வைத்துப் பிழைத்தனர், படுத்துறங்கினர், அதற்குக் கல்லும் மண்ணும் சுமந்தனர். ஆகவே அதன் கதையை ஆராய்தல் நம் கடமையாம்.

பெயரும் பொருளும்

ஜார்ஜ் டவுன் நகரில் சூலியா வீதி, பினாங்கு வீதி, கடற்கரை வீதி ஆகியவற்றில் நடந்தவர் யாவரும் இதனை அறிவர். கடைவீடுகளின் கீழ்த்தளம் தெருவினின்று சற்றுப் பின்வாங்கி நிற்கும். மேல்மாடி முன்னோக்கி நீண்டு தூண்களின் மேல் அமர்ந்திருக்கும். அம்மாடிக்குக் கீழே, தூணுக்கும் கடைச்சுவருக்கும் இடையே, வெயிலும் மழையும் படாத ஒரு வழி வீடு வீடாகத் தொடர்ந்து செல்லும். அதனையே நம்மவர் ‘அஞ்சடி’ என்கின்றனர். மலாய்க்காரர் ‘காக்கி லீமா’ என்பர். அதற்கும் ஐந்து அடி என்பதே பொருள். ஹொக்கியன் சீனர் ‘கோ காக்கி’ என்பர்; ‘கோ’ என்பது அவர்கள் மொழியில் ஐந்து; ‘காக்கி’ மலாயிலிருந்து எடுத்துக்கொண்டது. மூன்று இனத்தாரும் தத்தம் மொழியில் ஒரே அளவைப் பெயராக வைத்து வழங்கும் பொருள் இந்நாட்டில் வேறு எத்தனை உண்டு?

இவ்வழியில் வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. இது சர்க்கார் நிலமன்று. கடைவீட்டுக்காரனுடைய சொந்த நிலம். அவன் விலை கொடுத்து வாங்கியது. அவன் வரி செலுத்துவது. அவன் மாடி அதன் மேல் நிற்பது. ஆயினும் அதனை அடைத்துக்கொள்ள அவனுக்கு அதிகாரமில்லை. முன்பின் அறியாத எவனும் எந்நேரமும் அதன் வழியே செல்லலாம். உடைமை ஒருவனுக்கு, நடை எல்லோர்க்கும் என்பதே இதன் சட்டம்.

பிறந்த கதை

1786-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிரான்சிஸ் லைட் என்னும் ஆங்கிலேயன் பினாங்குத் தீவில் கம்பெனியின் கொடியை ஏற்றினான். கடலோரச் சதுப்பை ஒட்டிக் குறுக்கும் நெடுக்குமாகச் சில வீதிகள் வகுக்கப்பட்டன. வீடுகளிற் பல அத்தாப்பு ஓலை வேய்ந்தவை. தீக்கும் வெள்ளத்துக்கும் எளிதில் இரையாகத் தக்கவை. அவ்வீதிகளை மேடாக்கிக் கல் பரப்பியவர் யார்? பதினெட்டாம் நூற்றாண்டு முடியுமுன்னரே வங்கம், சென்னை, பம்பாய் மாகாணங்களினின்று நாடுகடத்தப்பட்ட இந்தியக் கைதிகள் இங்குக் கொண்டுவரப்பட்டனர். 1860 வரையில் இவ்வழக்கம் நீடித்தது. காலில் விலங்குடன் காடு வெட்டியும் சதுப்பைத் தூர்த்தும் வீதி சமைத்தவர் அவர்களே. வீதிகளுக்கு ஆளுநர்களின் பெயரும் வணிகர்களின் பெயரும் இடப்பட்டன. கூடை சுமந்தவன் பெயர் எப்பலகையிலும் ஏறவில்லை.

1805-ஆம் ஆண்டில் இத்தீவின் சர்க்காரில் உதவிச் செயலாளனாக வந்து சேர்ந்தவன் ஸ்டாம்போர்டு ராபிள்ஸ். பின்னர் ஜாவாவை ஆண்டு, 1819-இல் சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியிருப்பை நிறுவினான். 1822-ஆம் ஆண்டு நவம்பரில் அந்நகரை ஒழுங்குபடுத்த ஒரு குழுவை நியமித்து, அதற்கு எழுத்து மூலம் கட்டளைகள் விடுத்தான். அவற்றுள் ஒன்று, ஒவ்வொரு வீட்டின் முன்னும் குறித்த ஆழமுள்ள ஒரு தாழ்வாரம் இருத்தல் வேண்டும் என்பது. அத்தாழ்வாரம் தெருவின் இருமருங்கிலும் இடையறாது, எக்காலமும் திறந்த வழியாக இருத்தல் வேண்டும் என்றும் அது விதித்தது. நாம் இன்று காணும் ஐந்தடி வழியின் பிறப்புச் சீட்டு இதுவே. நீரிணைக் குடியேற்றங்களெனப் பெயர் பெற்ற சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மூன்றும் 1826-இல் ஒரே ஆட்சியின் கீழ் வந்தன. இவ்வழக்கமும் அம்மூன்று ஊர்களிலும் பரவி வேரூன்றியது.

ராபிள்ஸ் இதனை எங்குக் கற்றான் என்பதில் ஆராய்ச்சியாளர் ஒருமுகப்படவில்லை. ஜாவாவில் டச்சுக்காரர் கட்டிய வீடுகளைச் சிலர் காட்டுவர். தென்சீனத்துக் கடைவீதிகளைச் சிலர் காட்டுவர். எவ்வாறாயினும் இக்கருத்து உலகுக்குப் புதியதன்று. இத்தாலி நாட்டுப் பொலோஞா நகரம் 1288-ஆம் ஆண்டிலேயே புதுவீடு கட்டுவோர் தெருவை ஒட்டித் தூண்வரிசையுடன் கூடிய தாழ்வாரம் அமைத்தாக வேண்டுமென்று சட்டம் செய்தது. குதிரைமேல் வருபவனும் முட்டிக்கொள்ளாமல் செல்லத்தக்க உயரம் இருக்க வேண்டுமென்றும் விதித்தது. நிலம் வீட்டுக்காரனது, நடக்கும் உரிமை ஊராரது. எழுநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அத்தாழ்வாரங்கள் நிற்கின்றன. 2021-இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டுக் கழகம் அவற்றை உலக மரபுச் செல்வமாக ஏற்றது. நல்ல சட்டம் கல்லினும் நெடிது வாழும் என்பதற்கு இது சான்று.

கட்டளையிலிருந்த குறை

எனினும் 1822-ஆம் ஆண்டுக் கட்டளையைக் கூர்ந்து நோக்குவார்க்கு அதிலுள்ள ஒரு குறை தோன்றாமற் போகாது. ஆழம் வேண்டும் என்றது. தொடர்ச்சி வேண்டும் என்றது. திறந்திருக்க வேண்டும் என்றது. தரையின் மட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. விளைவு யாது? ஒருவன் தன் கடைக்குள் வெள்ளம் புகாதிருக்கத் தரையை ஒரு முழம் உயர்த்தினான். அடுத்தவன் பழைய மட்டத்திலேயே விட்டான். மூன்றாமவன் இரண்டு படி வைத்தான். ஒருவன் செங்கல் பாவினான். ஒருவன் கருங்கல் இட்டான். செல்வமுள்ளவன் பூவேலை செய்த சீமையோடு பதித்தான். பிற்காலத்தில் பலரும் சிமிட்டி பூசினர். பத்து வீடு கடப்பதற்குள் ஏறி இறங்கி முழங்கால் நோகும். ஓடுகளின் அழகை வியந்து படம் பிடிப்போர் பலர். அதே ஓட்டில் மழைநாளில் வழுக்கி விழுந்த கிழவியைப் படம் பிடிப்பார் இல்லை.

பெயர் ஐந்தடியாயினும் அகலமும் எங்கும் ஐந்தடியாக இல்லை. சில வீதிகளில் ஏழெட்டு அடி. சிலவற்றில் தூணின் பருமன் போக எஞ்சுவது ஓர் ஆள் செல்லும் இடம். ஆகவே இவ்வழி ஒரு நல்லெண்ணத்தின் குழந்தை என்பது உண்மை. வளர்ப்பார் பலராகி, ஒருவர் சொல் ஒருவர் கேளாத குழந்தை என்பதும் உண்மை. இதற்கு மருந்து என்ன என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

1888-ஆம் ஆண்டுக் கலகம்

ஜார்ஜ் டவுனுக்கு 1857-இல் முனிசிபல் கமிஷனர் சபை ஏற்பட்டது. 1867-இல் நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய சர்க்காரின் கையிலிருந்து நீங்கி நேரே பிரிட்டிஷ் முடியின் கீழ்ச் சென்றன. அதற்குள் ஐந்தடி வழி நடைவழியாக இருப்பது ஏறக்குறைய நின்றுபோயிற்று. மூட்டைகளும் பெட்டிகளும் அடுக்கப்பட்டன. தச்சன் அங்கே இழைத்தான். தையற்காரன் அங்கே தைத்தான். சமையற்காரன் அடுப்பு மூட்டினான். நடப்பவன் சாக்கடையைத் தாண்டி வண்டிகளுக்கிடையே இறங்கினான்.

1887-இல் மூன்று குடியேற்றங்களுக்கும் பொதுவாக ஒரு முனிசிபல் சட்டம் பிறந்தது. தாழ்வாரங்களில் உள்ள தடைகளை நீக்கும் அதிகாரத்தை அது நகரசபைக்கு அளித்தது. 1888 பிப்ரவரியில் சிங்கப்பூர் நகரசபையார் அதனை நடைமுறைப்படுத்த முற்பட்டனர். அதிகாரிகள் கடைமுன் பொருள்களை அகற்றத் தொடங்கியதும் வியாபாரிகள் கடைகளை இழுத்து மூடினர். தெருவில் கூட்டம் திரண்டது. வண்டிகள் மீது கல் பறந்தது. மூன்று நாள் நகரத்து வியாபாரம் நின்றது. வரலாற்றில் இது தாழ்வாரக் கலகம் எனப் பெயர் பெற்றது. முடிவில், நடப்பதற்குப் போதிய இடம் விட்டு எஞ்சிய இடத்தில் பொருள் வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவாறு சமாதானம் ஏற்பட்டது.

இக்கலகத்தில் யார் பக்கம் நியாயம்? நகரசபை பக்கம் சட்டம் இருந்தது. ஆனால் அரை நூற்றாண்டுக்கு மேல் கண்மூடியிருந்த சர்க்கார் ஒரு காலைப்பொழுதில் கண் விழித்துத் தடியெடுத்தது. வியாபாரியின் பக்கம் வழக்கம் இருந்தது. ஆனால் அவ்வழக்கம் பிறர் கால்வைக்கும் இடத்தைப் பறித்த வழக்கம். இவ்விருவரும் மோதியபோது மூன்றாமவன் ஒருவன் பேசப்படவேயில்லை. அவனே நடப்பவன். அவனுக்குச் சங்கமில்லை, அவன் கடையடைப்புச் செய்ய இயலாது, கூலிக்குச் செல்லும் அவன் நின்று வழக்காட நேரமுமில்லை. அவனுக்காகப் பேசவேண்டியது சட்டமே. சட்டம் ஒருநாள் உறுமி மறுநாள் உறங்குமாயின் அவன் கதி சாக்கடையோரமே.

நம்மவரும் ஐந்தடியும்

இது நிற்க. ஐந்தடியில் வியாபாரம் செய்தவர் எல்லோரும் பேராசைக்காரர் என்று கூறின் அது பெரும் பிழையாகும். கடை வாடகைக்குப் பிடிக்கப் பொருளில்லாத ஏழைக்கு நகரம் தந்த ஒரே வாசல் அதுவே. சுவரோடு ஒட்டிய ஒரு மரப்பெட்டி. அதன் மேல் வெற்றிலை, சுருட்டு, பத்திரிகை, தீப்பெட்டி. சில்லறைக் காசு மாற்றுவோன் ஒருவன். இவ்வாறு தூணடியில் தொடங்கித் தலையெடுத்த தமிழ் முஸ்லிம் குடும்பங்களும் இந்துக் குடும்பங்களும் பல. தமிழ்ப் பத்திரிகை வாங்க விரும்பிய தோட்டத்துத் தொழிலாளி பட்டணம் வந்தால் தேடிச் சென்றதும் அத்தகைய ஐந்தடிப் பெட்டிக்கடையையே. நம் எழுத்தும் அத்தூணடியில் விலைபோனது என்பதை மறத்தல் நன்றியன்று.

ஆகவே ஐந்தடியைக் காத்தல் என்பது ஏழையின் பெட்டியை உதைத்துத் தள்ளுதல் அன்று. 1888-ஆம் ஆண்டுச் சமாதானத்தில் இருந்த அறிவை நாம் மீண்டும் கைக்கொள்ளலாம். இருவர் எதிரெதிரே செல்லத் தக்க வழி முதலில். அதனைக் கோடு கிழித்துக் காட்டுதல். எஞ்சிய இடத்தில் சிறுவியாபாரிக்கு உரிமைச் சீட்டு. இந்தியாவும் 2014-இல் தெருவோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் செய்து, அவர்களை விரட்டுவதற்கு முன் கணக்கெடுக்கவும் இடம் குறிக்கவும் வேண்டுமென்று விதித்தது. அவ்வாண்டிலேயே சென்னை மாநகராட்சி, போக்குவரத்துக்கு ஒதுக்கும் பொருளில் நூற்றுக்கு அறுபது பங்குக்குக் குறையாமல் நடப்போருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் செலவிட வேண்டும் என்று ஒரு கொள்கை வகுத்தது. கொள்கை முழுதும் செயலாயிற்றா என்பது வேறு வினா. கொள்கையென ஒன்று எழுத்தில் இருந்தால்தான் செயலெங்கே என்று குடிமக்கள் கேட்க இயலும்.

பெட்டிக்கடைக்காரனைக் காட்டிலும் இன்று வழியை அடைப்பவை வேறு. மோட்டார் சைக்கிள்கள் தூணுக்குத் தூண் நிறுத்தப்படுகின்றன. குளிர்காற்றுப் பொறிகள் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கின்றன. சில வீட்டார் இருபுறமும் சுவரெழுப்பி ஐந்தடியைத் தம் வரவேற்பறையாகவே ஆக்கிக்கொண்டனர். ஏழையின் பெட்டியை அதிகாரி எளிதில் தூக்கிச் செல்கிறான். செல்வன் எழுப்பிய சுவருக்கு முன் அவன் கை தளர்கிறது. சீர்திருத்தம் வேண்டுவோர் முதலிற் கேட்க வேண்டியது இவ்வேற்றுமையைத்தான்.

நடத்தலும் மானமும்

தெருவில் நடத்தல் ஓர் உரிமை என்பதைத் தமிழனுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அவ்வுரிமை மறுக்கப்பட்ட வரலாறு நம் சமுதாயத்தின் நெஞ்சில் ஆறாத புண்ணாக உள்ளது. தாய்நாட்டில் தெரு என்பது சாதிக்குச் சாதி பங்கிடப்பட்ட பொருளாக இருந்தது. 1924 மார்ச் மாதம் திருவிதாங்கூரில் வைக்கம் ஊரில் மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள பொதுவீதிகளில் தாழ்த்தப்பட்டோரும் நடக்க வேண்டுமென்று போராட்டம் தொடங்கிற்று. நாயும் பூனையும் செல்லும் வீதியில் மனிதன் செல்லக் கூடாதா என்பதே வினா. ஈரோட்டிலிருந்து பெரியார் சென்று இருமுறை சிறைப்பட்டார். 1925 இறுதியில் வீதிகளிற் பெரும்பகுதி திறக்கப்பட்டது. அதே 1924-இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன், பொதுவழி, தெரு, கிணறு ஆகியவை எல்லார்க்கும் உரியன என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். அப்பெரியார் 1929 டிசம்பரில் பினாங்குத் துறையில் வந்திறங்கியபோது, தாய்நாட்டில் தெருவுக்காகச் சிறை சென்ற மனிதரை இந்நாட்டுத் தமிழர் திரண்டு வரவேற்றனர்.

ஐந்தடி வழியை இவ்வரலாற்றுடன் சேர்த்து எண்ணிப் பாருங்கள். இங்கே சட்டம் இன்ன சாதியான் நடக்கலாம், இன்னான் நடக்கலாகாது என்று கூறவில்லை. செட்டியார் கிட்டங்கியின் முன்னும் சீனத் தவுக்கையின் கடைமுன்னும் துறைமுகக் கூலி தோளில் துண்டுடன் நடந்தான். அந்நிய ஆட்சியின் நோக்கம் சமத்துவமன்று, வியாபாரமும் ஒழுங்குமே. ஆயினும் எழுதப்பட்ட விதி ஒன்று எல்லார்க்கும் ஒன்றாக இருந்தமையின், கருதாத நன்மை ஒன்று விளைந்தது. முதல் தலைமுறைத் தமிழன் ஒருவன் ஊரில் கால்வைக்க அஞ்சிய தெருவுக்கு ஈடாக, இங்கே பெருவணிகன் வாசலில் தலைநிமிர்ந்து நடந்தான். இதனை நாம் சிறிதென்று கருதலாகாது.

அதற்காக, எல்லாம் நன்றாயிருந்தது என்று கூறிவிடவும் கூடாது. பட்டணத்தில் கிடைத்த இந்நடை உரிமை தோட்டத்துள் நுழையவில்லை. தோட்டத்துச் சடக்கு பொதுவழியன்று, கம்பெனியின் சொத்து. அங்கு முனிசிபல் சட்டமில்லை; துரையின் சொல்லே விதி. அவன் குதிரையோ காரோ வரும்போது தொழிலாளி வரம்பில் ஒதுங்கி நின்றான். மிதிவண்டியில் வந்தவன் இறங்கி நின்றான். லயத்திலும் சில தோட்டங்களில் சாதிவாரியாக வரிசை பிரித்துக் குடிவைத்தனர். ஊர்ச் சேரியைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்ததற்கு அது ஒப்பாகும். ஒரே காலத்தில், சில மைல் தூரத்துக்குள், ஐந்தடியின் சட்டமும் லயத்தின் வழக்கமும் அடுத்தடுத்து வாழ்ந்தன.

பத்து காவான்

அவ்விரண்டும் இன்று ஓரிடத்தில் சந்திக்கின்றன. அவ்விடமே பத்து காவான். மலாய் மொழியில் பத்து என்றால் கல். காவான் என்றால் தோழன். பினாங்கின் பெருநிலப் பகுதியான தென் செபராங் பிறையில் ஆறுகள் சூழ்ந்து தீவுபோற் கிடந்த நிலம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்பு விளைந்த பூமி. பின்னர் ரப்பரும் செம்பனையும் வந்தன. அவ்வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களுக்கே தமிழகத்து ஒப்பந்தக் கூலிகள் பெருந்தொகையாக முதன்முதல் கொண்டுவரப்பட்டனர். ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் ஒழிக்கப்பட்டது. கங்காணி முறை அதன்பின்னும் நீடித்து, 1938-இல் இந்திய சர்க்கார் தடை விதித்தபோது நின்றது.

இன்று அங்கே தோட்டம் மறைந்து நகரம் எழுகிறது. பினாங்கு வளர்ச்சிக் கழகம் அந்நிலத்தைப் புதுநகரமாக வகுத்தது. 2000-ஆம் ஆண்டில் மாநில விளையாட்டரங்கம் திறக்கப்பட்டது. 2014 மார்ச் முதல் தேதியில் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் இரண்டாவது பாலம் திறக்கப்பட்டது. 24 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாலம் பெருநிலத்தில் கால் ஊன்றுமிடம் பத்து காவானே. ஆலைகளும் அங்காடிகளும் அடுக்குமாடிகளும் பெருகின. 2019-இல் செபராங் பிறை நகராண்மைக் கழகம் மாநகர் மன்றமாக உயர்ந்தது. துரையின் சடக்காக இருந்தது மாநகர் மன்றத்தின் வீதியாயிற்று. முன்பு லயத்திலிருந்து பால்வெட்டுக்கு நடந்தவனுடைய பேரப்பிள்ளை இன்று அடுக்குமாடியிலிருந்து ஆலைக்கும் பள்ளிக்கும் கடைக்கும் செல்கிறது. அது எவ்வழியே நடந்து செல்லும் என்பதே இப்போது விடை காண வேண்டிய வினா.

பழைய ஜார்ஜ் டவுனில் வீதி குறுகியது. ஆயினும் நடப்பவனுக்கு நிழல் இருந்தது. புதுநகரங்களில் சடக்கு அகன்றது, நிழல் இல்லை, கடைக்கும் வீட்டுக்கும் இடையே தூரம் பெரிது. மோட்டார் இல்லாதவன் மனிதனில்லை என்று எண்ணி வகுக்கப்பட்ட நகரங்களை உலகெங்கும் காண்கிறோம். வெறும் நிலத்தில் எழும் ஊருக்குப் பழைய சுவர்களின் தடையில்லை. 1822-ஆம் ஆண்டுக் கட்டளையின் நன்மையை எடுத்துக்கொண்டு அதன் குறையை நீக்க, இதைவிட வாய்ப்பான இடம் வேறில்லை.

சிமிட்டியும் விதியும்

நடைபாதை அமைத்தல் எளிய வேலை என்று பலர் நினைக்கின்றனர். குழைத்து ஊற்றினால் இறுகிவிடும், அவ்வளவுதானே என்பர். 1824-இல் ஜோசப் ஆஸ்ப்டின் என்னும் ஆங்கிலக் கொத்தன் போர்ட்லண்டு சிமிட்டிக்கு உரிமைப் பட்டயம் பெற்றான். 1891-இல் அமெரிக்காவில் ஓஹையோ நாட்டுப் பெல்பவுண்டன் என்னும் சிற்றூரில் காங்கிரீட்டால் வீதி போடப்பட்டது. அந்நாளிலிருந்து நகரங்கள் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுண்டு: காங்கிரீட் தானே ஒழுங்காக அமைவதில்லை, அளவும் விதியும் அதனை ஒழுங்காக்குகின்றன.

அடிமண் இறுகத் திமிசு போடவில்லையெனில் மேலே இட்ட பலகை அமிழ்ந்து பிளக்கும். இடைவெளிக் கோடுகள் விடவில்லையெனில் வெயிலிலும் குளிரிலும் அது தன் மனம்போல் வெடிக்கும். வடிகாலை நோக்கிச் சிறு சாய்வு இல்லையெனில் மழைநீர் தேங்கிப் பாசி பிடிக்கும். ஊற்றியபின் ஈரச்சாக்கிட்டு ஒரு வாரமேனும் நனைத்து வைக்கவில்லையெனில் மேற்பரப்பு பொடிந்து தூளாகும். தூங்குமூஞ்சி மரத்தின் அடிவேருக்கு இடம் விடவில்லையெனில் அவ்வேர் பலகையைத் தூக்கி எறியும். நியூயார்க்கு நகரில் பாதையை அடுத்த நிலத்துக்குடையவனே அதனை அமைத்தும் பழுது பார்த்தும் வரவேண்டும். ஆனால் எவ்வாறு என்பதை அவன் விருப்பத்துக்கு விடவில்லை. காங்கிரீட் 4 அங்குலக் கனம், வண்டி ஏறும் வாயிலில் 7 அங்குலம் என்று நகரமே விதித்துள்ளது. செலவு தனியாருடையது, அளவு பொதுவுடையது என்னும் இம்முறையில், நாம் முன்னே சுட்டிய ஐந்தடியின் குறைக்கு மருந்து இருக்கின்றது.

நம் நாட்டில் விதியில்லை என்று சொல்வதற்கில்லை. 1974-ஆம் ஆண்டுத் தெரு, வடிகால், கட்டடச் சட்டம் நடைபாதை என்ற சொல்லுள் கடைமுன் தாழ்வார வழியையும் அடக்கியது. பொதுவிடத்தில் தடை வைப்பதைக் குற்றமென்றது. 1984-இல் கட்டடங்களுக்குரிய ஒருசீர் துணைவிதிகள் வந்தன; பின்னர் ஊனமுற்றோர் நுழையவும் நடமாடவும் வழி வேண்டுமென்னும் விதி அவற்றில் சேர்க்கப்பட்டது. 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொதுவசதிகளைப் பிறரோடொப்பப் பயன்படுத்தும் உரிமையை அவர்கட்கு அளித்தது. சக்கர நாற்காலி ஏறும் சரிவு, ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளத்துக்குக் குறையலாகாது என்பது கட்டடக் கலைஞர் யாவரும் அறிந்த அளவு. எழுத்தில் இவ்வளவும் இருக்கின்றன. இருந்தும், கண்ணிழந்தவனுக்கு வழிகாட்டும் மஞ்சள் ஓடு விளக்குக் கம்பத்தில் போய் முட்டும் காட்சியை மலேசிய நகரம் எதிலும் காணலாம். விதியை எழுதினவனும் ஓட்டைப் பதித்தவனும் ஒருமுறையேனும் கண்ணைக் கட்டிக்கொண்டு அதன் மேல் நடந்திருப்பின் இவ்விழுக்கு நேர்ந்திராது.

கேட்பார் யார்?

விதியைக் காப்பவன் நகரமன்றம். மன்றத்தைக் காப்பவர் யார்? 1951 டிசம்பரில் மலாயாவிலேயே முதலாவதாக நகரசபைத் தேர்தல் நடந்தது ஜார்ஜ் டவுனில். 1957 ஜனவரி முதல் தேதி அது மாநகரமாயிற்று. அம்மாநகரின் மேயராக விளங்கியவர், தொழிற்கட்சியைச் சார்ந்த தமிழர் டி. எஸ். இராமநாதன், முன்பு ஸ்காட் சாலை எனப்பட்டது இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1965-இல் உள்ளூராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. 1976-ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டத்துக்குப்பின் அவை மீளவில்லை. இன்று மன்ற உறுப்பினர் மாநில அரசால் நியமிக்கப்படுகின்றனர். வாக்குச் சீட்டு இல்லாத இடத்தில் குடிமகனுக்குள்ள கருவி அவன் நாவும் எழுதுகோலுமே. உடைந்த பலகையைக் கண்டு தலையிலடித்துக்கொண்டு போகாமல், வீதியின் பெயரையும் இடத்தையும் குறித்து மன்றத்துக்கு எழுதுவோர் ஊருக்குப் பத்துப்பேர் இருந்தால் போதும்.

ஜார்ஜ் டவுன் கற்பிக்கும் இன்னொரு பாடத்தையும் கூறி முடிப்போம். 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய கடைவீடுகளில் ஏழைக் குடித்தனக்காரரைக் காத்துவந்தது. 1997-இல் அது நீக்கப்பட்டு, 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது அக்காவல் முற்றும் ஒழிந்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த பலர் வாடகை தாளாது வெளியேறினர். 2008 ஜூலையில் மலாக்காவுடன் அந்நகரம் உலக மரபுச் செல்வமாக அறிவிக்கப்பட்டது. சுவர்களுக்கும் ஓடுகளுக்கும் காவல் கிடைத்தது. அவற்றின் நிழலில் வாழ்ந்த மனிதருக்கு அது கிடைக்கவில்லை. வழியைக் காத்து, நடப்பவனை இழந்துவிட்டால் அது எவருக்கு வழி?

அன்பர்களே! ஐந்தடி என்பது சிறிய அளவு. ஆனால் தன் நிலத்தில் ஐந்தடியைப் பிறர் காலுக்கு விடு என்று உடையவனை நோக்கிச் சொன்ன சட்டம் சிறியதன்று. வைக்கத்தில் வீதி கேட்டுச் சிறை சென்றவர்களின் இனம் நாம். பத்து காவானிலும் பட்டர்வொர்த்திலும் ஜார்ஜ் டவுனிலும், நம் கடைமுன் உள்ள ஐந்தடியை நாமே முதலில் காலி செய்வோம். நம் மோட்டார் சைக்கிளை நாமே முதலில் அகற்றுவோம். அதன்பின், மட்டமாகவும் நிழலுடனும் இடையறாமலும் செல்லும் ஒரு வழியை மன்றத்திடம் உரிமையுடன் கேட்போம். அவ்வழியில் முதியவர் ஒருவர் துணையின்றிக் கடைக்குச் சென்று திரும்பும் நாளே அந்நகரம் நாகரிக நகரமெனப்படும் நாளாகும்.